கை கழுவ வேண்டாத பலகாரம்

தறிக்காரனுக்குக் கைதான் எல்லாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். புடவை எடுக்க ஆரணிக்கு வருகிறவர்கள் தறியையும் ஒரு பார்வை பார்க்கலாம் என்று எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். "உங்க கையில என்ன வித்தை இருக்குங்க!" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே தறிக்குழிக்குள் இருக்கும் காலைக் காட்டுவார். வலது கால் ஒரு மிதி, இடது கால் ஒரு மிதி என்று மாற்றி மாற்றி அழுத்தினால்தான் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் பிளந்து வழிவிடும், அப்புறம்தான் குறுக்கு நூலை இழுத்துப்போகிற நாடா ஓடும். கால் நின்றால் தறியும் நின்றுவிடும். நான் சொல்லப்போவது அவருடைய வலது காலைப் பற்றி. என் வாயைப் பற்றியும்தான்.

நான் முன்பு வீட்டில் அவருக்குத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பட்டு நூலைச் சின்னக் குழலில் சுற்றி நாடாவுக்குள் வைப்பார்களே, அந்த வேலை. கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் குனியக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நின்றுகொண்டே செய்கிற வேலையாகத் தேடினேன். கடைவீதியில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சீரியல் கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். மக்காச்சோளத்தை அவலாகத் தட்டி, வறுத்து, பெட்டியில் போட்டு விற்கிற கம்பெனி. மஞ்சள் நிற டீ-சர்ட்டைப் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, சின்னச் சின்னக் காகிதக் கப்பில் பாலூற்றி, வருகிறவர்களுக்கெல்லாம் நீட்ட வேண்டும். பெட்டியின் முன்பக்கத்தில் தங்கம் போல ஒரு சோளக்கதிர், அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம், இடுப்பில் டேப் சுற்றிக்கொண்டு சிரிக்கும் ஒல்லியான பெண். அந்த மாதிரி இடுப்பு ஆரணியில் யாருக்கு இருந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கு இல்லை.

சென்னையிலிருந்து ஒரு சூப்பர்வைசர் வந்து இரண்டு நாள் பாடம் நடத்தினார். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனாலும் டை கட்டியிருந்ததால் சார் என்றுதான் கூப்பிட்டேன். "டேஸ்ட்டைப் பத்திப் பேசாதீங்க மேடம், ஹெல்த்தைப் பத்திப் பேசுங்க" என்றார். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ராத்திரி படுக்கையில்கூட அதை மனப்பாடம் செய்தேன். சரி, விற்றதா என்றால், முதல் மாதம் முழுக்க ஈ ஓட்டினேன். கப்பை வாங்கிக் குடிப்பார்கள், உதட்டைத் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். சேத்துப்பட்டுப் பக்கத்து அம்மா ஒருத்தி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க கொல்லில வெளையறதுதானே? கோழித் தீவனத்துக்குன்னு மூட்டை கட்டி ஏத்திகினு போறானுங்க. நீ இன்னாடான்னா அத்தயே பொட்டில போட்டுப் பால ஊத்தி எனக்கே குடுக்கறியே, நான் இன்னா கோழியா?" என்றாள். கடையே சிரித்தது. எனக்கு மூஞ்சி செத்துப்போயிற்று.

அந்தக் கோபத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

பட்டுத்தறி வீட்டில் காலைப் பலகாரம் என்பது ஒரு பேஜார். இட்லிக்குச் சட்னி வேண்டும், சாம்பார் வேண்டும், தின்றபிறகு சோப்புப் போட்டு இரண்டு தரம் கையைத் தேய்க்க வேண்டும். அப்படியும் நகக்கண்ணில் மஞ்சள் நிற்கும், விரலில் எண்ணெய் நிற்கும். சந்தன நிறப் புடவை தறியில் ஏறியிருக்கிறபோது ஒரு பொட்டு எண்ணெய் பட்டால் போதும், நூல் கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். என் வீட்டுக்காரர் பாதிநாள் அதற்குப் பயந்தே வெறும் டீயோடு குழியில் இறங்குவார். இதை நினைத்துப் பார்த்தேன். மறுநாள் சூப்பர்வைசர் எழுதித் தந்த தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் கடைக்குள் வந்ததும் என் பாட்டை ஆரம்பித்தேன்.

"அக்கா, இத்தப் பாருங்க. எண்ணெய் கெடையாது, புளி கெடையாது. ஸ்பூன்ல எடுத்துத் துன்னுட்டு அப்படியே தறியில உக்காந்துகலாம். கை கழுவக்கூட எழுந்திருக்க வேணாம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பெட்டி எடுத்தார்கள். அந்த வாரமே பெட்டிகள் பிய்த்துக்கொண்டு போயின. தறி இருக்கிற தெருவெல்லாம் போயிற்று. சூப்பர்வைசர் ஓடி வந்து, நான் பேசுவதைத் தன் செல்போனில் படம் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினார். கம்பெனி எனக்கு ஒரு மிக்ஸி கொடுத்தது. என் வீட்டுக்காரர் அந்த மிக்ஸியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "எம் பொண்டாட்டி பேசினா கல்லும் காசு குடுக்கும்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் சுகர் கேம்ப் போட்டார்கள். விரலில் குத்திப் பார்த்ததில் அவருக்குச் சர்க்கரை இருந்தது. அங்கே வந்திருந்த டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மூணு வேளையும் அரிசியா? முதல்ல சோத்தை விடுங்க. சோறுதான் உங்களைக் கெடுக்குது" என்றார். மாதா மாதம் ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் பார்க்கச் சொன்னார். அந்த அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வாங்கிக்கொண்ட ஆள்தான் வேறு மாதிரி.

என் வீட்டுக்காரர் கிருத்திகை தவறாதவர். மாதா மாதம் முருகனுக்கு விரதம். எங்கள் பக்கத்தில் விரதம் என்றால் சோற்றைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். சோறு தின்றால்தான் தின்றதாகக் கணக்கு, மற்றதெல்லாம் பலகாரம். அன்றைக்கு அவர் எட்டு இட்லி, ஒரு தட்டு கேசரி, நாலு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு, "நான் இன்னிக்கு ஒண்ணும் துன்னல" என்று மனசாரச் சொல்வார். நானும் "பாவம், வெறும் வயிறு" என்று மனசார நம்புவேன். இட்லியும் அரிசிதானே என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. டாக்டரம்மா சோற்றை விடச் சொன்னதும் அவர் வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் நின்று கற்பூரம் ஏற்றினார். "இன்னியிலிருந்து சோத்தத் தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். செய்ததைக் காப்பாற்றினார். கல்யாண வீட்டில் பிரியாணி போட்டபோதுகூட இலையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்த மனிதர்.

சோற்றுக்குப் பதிலாக என்ன என்று கேட்க வேண்டியதே இல்லை. வீட்டில்தான் பெட்டி பெட்டியாக இருந்ததே! அடிபட்டு நசுங்கிய பெட்டிகளையும், தேதி முடியப்போகிற பெட்டிகளையும் கடையில் எனக்குக் கொடுப்பார்கள். வெறும் சோள அவல் வைக்கோல் மாதிரி இருக்கிறது என்றார். தேன் போட்டது ஒன்று வந்தது, அது அவருக்குப் பிடித்துவிட்டது. காலையில் ஒரு கிண்ணம், பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம், ராத்திரி இரண்டு கிண்ணம், மேலே வாழைப்பழம் நறுக்கிப் போட்டது. பால் ஊற்றியதும் அது சடசடவென்று ஒரு சத்தம் போடும். அதைக் காதோடு வைத்துக் கேட்டுச் சிரிப்பார். ஸ்பூனைத் தறிமரத்துக்கு மேலேயே செருகி வைத்திருந்தார். நான் கடையில் சொன்னதை என் வீட்டிலேயே ஒருத்தர் எழுத்துப் பிசகாமல் செய்துகாட்டினார்.

ஒரு தரம் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. வருகிறவர்களில் பாதிப்பேர் சுகர் பற்றிக் கேட்கிறார்களே என்று சூப்பர்வைசரிடம், "சுகர்காரங்க இத்த சாப்பிடலாமாங்க சார்?" என்றேன். "இதுல கொழுப்பே இல்ல மேடம். ஹார்ட்டுக்கு நல்லது. அதைச் சொல்லுங்க" என்றார். நான் கேட்டது சர்க்கரை, அவர் சொன்னது கொழுப்பு. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. அதற்கப்புறம் யார் கேட்டாலும், "ஆமாங்க, சோறு இல்லியே, தாராளமா குடுங்க. எங்க வீட்டுக்காரருக்கே சுகர்தான், அவரு இதான் துன்றாரு" என்று வாய் கிழியச் சொன்னேன். பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னேன். 

மாத்திரையை அவர் பாதியாகக் கிள்ளிப் போட ஆரம்பித்தார், அப்புறம் அதையும் விட்டார். ரத்தம் பார்க்கவும் போகவில்லை. "சோறே துன்றதில்ல, அப்புறம் இன்னாத்துக்கு மாத்திர? சாமிக்கு முன்னால சத்தியம் பண்ணிகினு, மிஷின்ல போய் சரி பாத்துகினு இருப்பாங்களா?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆள் இளைத்தார். பெட்டியிலிருந்த அந்த ஒல்லிப் பெண்ணைக் காட்டி, "பாத்தியா, நானும் இவள மாதிரி ஆகிட்டேன்" என்று இடுப்பைப் பிடித்துக் காட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் ஒன்றுக்குப் போகிற குளியலறைப் பக்கம் எறும்பு சாரி சாரியாகப் போனது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கண்ட இடத்தில் சிந்துகிறார் என்று அவரைத்தான் திட்டினேன். எறும்புப் பொடி வாங்கி வந்து கொல்லைப்புறம் முழுக்கத் தூவினேன்.

கழுத்து வலித்தாலும் தறிக்குழியை நான் வெள்ளிக்கிழமைதோறும் பெருக்குவது வழக்கம். அவர் எழுந்து வெளியே போன நேரம், துடைப்பத்தோடு குழிக்குள் கையை விட்டேன். வலது மிதிக்கட்டையின் மேல் கறுப்பாக, ஈரமாக ஏதோ அப்பியிருந்தது. சாயம் கொட்டிவிட்டதோ என்று நினைத்துத் தொட்டேன். தொட்ட விரலை மூக்குக்குக் கொண்டுபோனேன், அழுகின நாற்றம். எறும்பு அங்கேயும் இருந்தது. அவர் உள்ளே வந்ததும், "காலத் தூக்குங்க" என்றேன். "இன்னாடி?" என்றபடி தூக்கினார். கட்டைவிரலுக்குக் கீழே, மிதியை அழுத்துகிற இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குழி. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

"ஐயோ, வலிக்கலையாங்க?"

"இல்லியே." அவரும் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலத்தான் பார்த்தார். "சத்தியமா ஒண்ணுமே தெரியலடி" என்றார்.

ஆட்டோ பிடித்து ஓடினோம். ஊருக்குள் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நர்ஸ் விரலில் குத்தி மிஷினில் வைத்தாள். மிஷின் எண்ணையே காட்டவில்லை, இரண்டு இங்கிலீஷ் எழுத்தைக் காட்டியது. அந்த மிஷின் அளக்கிற அளவையெல்லாம் தாண்டிவிட்டதாம். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"இன்னாம்மா குடுக்கற இவருக்கு?"

"சோறே குடுக்கறதில்லீங்க. ஒரு பருக்கைகூட இல்லீங்க."

"பின்ன?"

சொன்னேன். தேன், பால், வாழைப்பழம் எல்லாம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "சுகர்காரருக்கு இத்தக் குடுக்கலாம்னு யாரும்மா உனக்குச் சொன்னது? அவங்கள இட்டாந்து இங்க நிக்க வெக்கணும்."

"நான்தாங்க சொன்னேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. கட்டுப் போடும் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் என் மகள் செய்யாறு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வீட்டுக்கு வந்தாள். செருப்புக் கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள், நாலு எழுத்து இங்கிலீஷ் படிப்பாள். பெட்டி ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்து, பின்னால் என்ன எழுதியிருக்கிறது, படி என்றேன். எறும்புக் கால் மாதிரிச் சின்ன எழுத்து. ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்துப் படித்தாள். முதல் சொல் மக்காச்சோளம். அடுத்த சொல்லே சர்க்கரை. அதற்கப்புறம் பாகு என்று ஒன்று, தேன் கடைசியில் துளியூண்டு. "உனக்கு இது தெரியாதாம்மா?" என்று கேட்டாள். அத்தனை மாதம் அந்தப் பெட்டியைக் கையில் பிடித்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்பக்கம்தான். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை, எனக்கும் புத்தி போகவில்லை.

வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காலைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்றார் டாக்டர். முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள். சரி, கட்டைவிரல் இல்லாமலும் மிதிக்கலாம் என்று அவரே எனக்குத் தைரியம் சொன்னார். பத்து நாளில் பக்கத்து விரல்களும் கறுத்தன. குதிகால் இருந்தால் போதும், குதிகாலால் மிதித்துப் பழகிக்கொள்கிறேன் என்றார். கட்டிலில் படுத்தபடியே குதிகாலால் கம்பியை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முருகனைக் கெஞ்சினேன், திட்டவும் திட்டினேன். உனக்கு இருந்த விரதத்தால்தான் இந்த மனுஷனுக்கு இந்தப் பழக்கம், நீ குதிகாலையாவது விட்டு வை என்று கேட்டேன். முருகன் கேட்கவில்லை. முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே எடுத்தார்கள். கையெழுத்து நான்தான் போட்டேன்.

அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பெட்டிகளையெல்லாம் வாரித் தெருமுனைக் குப்பையில் கொட்டினேன். மாடு வந்து தின்றது. மாட்டையும் விரட்டினேன். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்து, "ஐயோ, இன்னாத்துக்குக் கொட்டற? எனக்குக் குடுத்திருக்கலாமே" என்றாள். அவள் மாமனாருக்குச் சர்க்கரை. அந்தப் பெட்டிகளை முதன்முதலில் அவள் கையில் திணித்தவள் நான்தான். அவள் வீட்டுக்குள் போய் அந்தப் பெரியவரின் இரண்டு காலையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் எத்தனை வீட்டுக்குள் நான் அப்படிப் போக முடியும்? இப்போதும் தெருவில் நடக்கிறபோது ஏதாவது ஒரு வீட்டில் தறிச் சத்தம் நடுவில் நின்றால் எனக்குப் பகீரென்கிறது. டீ குடிக்க எழுந்திருப்பார்கள், நூல் அறுந்திருக்கும். இருந்தாலும் சத்தம் மறுபடி கேட்கும்வரை கால் நகர மாட்டேன் என்கிறது.

வேலையை விட்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். விடவில்லை. ஓடாத தறியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஆனால் யாராவது சுகர் என்று வாயைத் திறந்தால் பெட்டியைத் திருப்பி, நகத்தால் அந்த இரண்டாவது சொல்லைக் காட்டுகிறேன். விற்பனை படுத்துவிட்டது. "மேடம், உங்க பழைய வீடியோவைத்தான் நாங்க இன்னும் மத்த ஊர்ல புது ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டறோம். அந்த மாதிரி பேசுங்க மேடம்" என்கிறார் சூப்பர்வைசர். அழித்துவிடுங்கள் சார் என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றார். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டே, கை கழுவக்கூட எழுந்திருக்க வேண்டாம் என்று எந்த ஊரிலோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவர் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, தறிக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தேன். டாக்டர் சொன்ன அளவுக்கு ஒரே ஒரு கேழ்வரகு அடையும், கீரையும் தட்டில் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார். அப்புறம் கொல்லைப்புறக் குழாயைப் பார்த்தார். இரண்டு படி இறங்கி, கல்லைத் தாண்டிப் போக வேண்டும். ஊன்றுகட்டை கொடுத்திருந்தார்கள், ஆனால் அதைப் பிடித்து நடக்க இன்னும் பழகவில்லை.

"ஏண்டி, அந்தப் பொட்டி ஒண்ணுகூட இல்லியா?" என்றார். "ஸ்பூன்ல துன்னுட்டா, கை கழுவ எழுந்திருக்க வேணாம் பாரு."

குத்திக் காட்டவில்லை. அவருக்கு அப்படியெல்லாம் பேச வராது. அது என் வாயிலிருந்து வந்த வார்த்தை என்பதுகூட அவருக்கு அப்போது நினைவில் இல்லை. எழுந்து போக முடியவில்லை, அதனால் கேட்டார். நான் அடுப்படிக்குள் போய், புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொம்பில் தண்ணீரும், ஒரு அகலப் பாத்திரமும், சோப்பும் எடுத்து வந்தேன்.

அவர் அடையைத் தின்று முடித்ததும் அவர் கையைப் பிடித்துப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கழுவினேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். விரலிடுக்கைத் தேய்த்தேன், நகக்கண்ணைத் தேய்த்தேன். பழையபடி இரண்டு தரம் கழுவிவிட்டு மூன்றாம் தரமும் தண்ணீர் ஊற்றினேன். 

"போதும் விடுடி" என்றார். "இந்தக் கையால இனிமே எந்தப் பட்டு நூலத் தொடப் போறேன்?"

நான் விடவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.